பேயை யார் விசாரிப்பது? கொலையுதிர் காலத்திலிருந்து பழையனூர் நீலி வரை

போன ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வாங்கி வந்தேன். நான் பிரிப்பதற்கு முன்னாலேயே மகள் எடுத்துக்கொண்டு போய் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டாள். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து கேட்டாள்.

“அப்பா, கடைசியில பேய் இருக்கா, இல்லையா?”

“அதான் ஹோலோகிராம்னு கணேஷ் சொல்லீட்டாரே கண்ணு.”

“அது கணேஷ் சொன்னது. நீங்க எஞ்சினியர்தானே, அப்படிச் செய்ய முடியுமா?”

முடியாது. கதையில் வருகிற மாதிரி முடியவே முடியாது. ஆனால் பதினைந்து வயதில் நான் இதே நாவலைப் படித்தபோது இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ஹோலோகிராம் என்ற வார்த்தை வந்ததும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். ஏன் அப்படி நிம்மதியானேன் என்று யோசிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. மூன்று மாதமாக விட்டு விட்டு எழுதுகிறேன். நாவலின் முடிவைச் சொல்லிவிட்டேன், படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

சாமியார் வேஷம், சாமியார் வேலை இல்லை

நம் துப்பறியும் கதைகள் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு பெரிய வரிசை. இதில் எங்கள் பக்கத்துக்கு நெருக்கமானவர் வடுவூராரின் திகம்பர சாமியார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் அதைப் படமாக எடுத்தது. டி.ஆர்.சுந்தரம் இயக்கம், எம்.என்.நம்பியார் கதாநாயகன். பிற்காலத்து வில்லன் நம்பியாரையே தெரிந்தவர்கள், அவர் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிவதைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்தப் படம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தத் துப்பறிவாளர் ஒரு சாமியார். நம் ஊரில் சாமியார் என்றால் குறி சொல்வார், மந்திரிப்பார், பேய் ஓட்டுவார். இவர் அதில் எதையும் செய்வதில்லை. வேஷம், உளவு, யோசனை, இவ்வளவுதான் கையில். அதாவது தமிழில் துப்பறிவாளர் பிறக்கும்போதே பூசாரியின் உடுப்பை வாங்கிக்கொண்டு பூசாரியின் தொழிலை வெளியே விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் வந்தவர்களும் அப்படியே. தேவனின் சாம்புவுக்கு அதிர்ஷ்டம் உண்டு, ஆவி கிடையாது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் போதும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி இரண்டு ஜோடிகளும் முறையாக ஏஜென்சி வைத்து நடத்துகிற தனியார் துப்பறிவாளர்கள். இவர்கள் கதைகளில் பேய் எட்டிப் பார்த்தால், கடைசி அத்தியாயத்தில் அதன் வெள்ளைச் சேலையை யாராவது உருவிவிடுவார்கள், உள்ளே சொத்துக்கு ஆசைப்பட்ட ஒரு மாமா இருப்பார் என்பது வாசகனுக்கு முன்கூட்டியே தெரியும். 1901-02இல் வந்த பாஸ்கர்வில் வேட்டைநாய் கதையில் ஷெர்லக் ஹோம்ஸ் போட்ட பாதை அது. அதை எழுதிய கானன் டாயில் பின்னாளில் ஆவிகளை நம்பி ஊர் ஊராகப் பேசப் போனார் என்பது தனிக்கதை. தன் துப்பறிவாளரை மட்டும் அந்தப் பக்கம் அவர் விடவில்லை.

நான் படித்த வரையில் நம் துப்பறியும் கதைகளில் பேய் எப்போதும் சந்தேக நபராகத்தான் வருகிறது. புகார்தாரராக வந்து நான் பார்த்ததில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் இந்தக் குறிப்பில் பின்தொடரப் போகிறேன்.

கணேஷின் கண்ணாடி

இனி கொலையுதிர் காலம். எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. கணேஷும் வசந்தும் வக்கீல்கள், ஆனால் செய்வதெல்லாம் துப்பறியும் வேலை. கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ நாவலிலேயே வந்துவிட்டார். வசந்த் பின்னால் வந்து சேர்ந்தவன். லீனா என்ற பெண், அவளுக்கு வரவேண்டிய பெரிய சொத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் குமாரவியாசன், ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு, இருட்டில் தெரியும் ஒரு பெண் உருவம். பழைய சாமான்கள்தான். ஆனால் சமைத்த விதம் புதுசு. அதுவரை ஜோக்கடித்துக்கொண்டிருந்த வசந்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு நடுங்குகிறான். அவன் நம்புகிறான், கணேஷ் நம்பவில்லை. நாவல் ஓடுவது இந்தப் பிளவில்தான்.

சுஜாதா எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். கணேஷ் அவருடைய எஞ்சினியர் பாதி, வசந்த் ஸ்ரீரங்கத்துப் பாதி என்று எனக்குத் தோன்றும். எஞ்சினியர் பாதி கடைசியில் கொடுக்கிற விளக்கம் ஹோலோகிராம்.

மகள் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஹோலோகிராம் தத்துவத்தை டென்னிஸ் கபோர் நாற்பதுகளின் கடைசியில் கண்டுபிடித்தார், 1971இல் நோபல் வாங்கினார். 1960இல் லேசர் வந்த பிறகுதான் அது உருப்படியாக வேலை செய்தது. ஒரு பொருளில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியும், நேராக வரும் லேசர் ஒளியும் ஒன்றோடொன்று மோதி உண்டாக்கும் நுணுக்கமான கோடுகளை ஒரு பிலிமில் பதிவு செய்கிறோம். பிறகு அந்த பிலிமின் மேல் அதே மாதிரி ஒளியைப் பாய்ச்சினால் பொருள் முப்பரிமாணத்தில் தெரியும். ஆனால் ஒளி பிலிமிலிருந்து உங்கள் கண்ணுக்கு வந்தாக வேண்டும். நீங்கள் பார்க்கும் திசையில் அந்த பிலிம் இருந்தே ஆகவேண்டும். ஜன்னல் இல்லாமல் ஜன்னல் வழியாகப் பார்க்க முடியாதில்லையா, அதே கதை. ஆறடி உருவத்தை முழுசாகக் காட்ட ஏறக்குறைய அந்த அளவுக்குப் பெரிய தகடு வேண்டும். திறந்த வெளியில், வெறும் காற்றில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி ஒரு பெண்ணை நடமாட விடுவது அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் ஆகாத காரியம்.

2014 தேர்தலில் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிய மோடியின் உருவத்தை எல்லோரும் ஹோலோகிராம் என்றார்கள். அதுவும் ஹோலோகிராம் கிடையாது. சாய்த்து வைத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையில் விழும் பிரதிபலிப்பு. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஆவியை வரவழைக்கப் பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் செய்த அதே வித்தை. அதற்குப் பெயரே ‘பெப்பர்ஸ் கோஸ்ட்’, பெப்பரின் பேய். குமாரவியாசன் வீட்டில் கணேஷ் தேடியிருக்க வேண்டியது லேசரை அல்ல, ஒரு நல்ல கண்ணாடிக் கடைக்காரரை.

சுஜாதாவை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு லேசர் என்ற வார்த்தையைப் பத்திரிகை வாசகனின் வீட்டுக்குள் கொண்டுபோனதே பெரிய காரியம். என் பயம் வேறு. அந்த இடத்தில் ஹோலோகிராம் என்ற சொல் செய்கிற வேலை, ஊரில் முனி என்ற சொல் செய்கிற வேலைதான். புரியாததற்கு ஒரு பெயர் கிடைத்தது, கேட்பதை நிறுத்திவிட்டோம். எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொல்வார். நம் கம்ப்யூட்டரில் அது வராது. ‘ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை’ என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவோம். பிழை அங்கேயே இருக்கும். பெயர் வைத்ததும் மனசு ஆறிவிடும்.

ஆனாலும் கணேஷ் செய்கிற ஒரு காரியத்துக்காக இந்த நாவலை நான் விடமாட்டேன். வசந்த் பார்த்ததை அவர் பொய் என்று தள்ளவில்லை. அவன் எதையோ பார்த்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, அது என்ன என்று தேடுகிறார். விடை தப்பாக இருக்கலாம், சாட்சியை நடத்திய விதம் சரி. குறை எனக்கு ஒன்றுதான். ‘அந்த உருவம் எப்படித் தெரிந்தது’ என்ற கேள்வி கதையை இழுத்துக்கொண்டு ஓடுகிற வேகத்தில் ‘அவள் யார், அவளுக்கு என்ன நடந்தது’ என்பது அலங்காரமாகிவிடுகிறது.

இதே இடத்தை வேறு பக்கமிருந்து தொட்டவர் சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். ‘விடாது கருப்பு’ தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில் ‘மர்மதேசம்’ வரிசையில் தொடராக வந்தபோது, குதிரைச் சத்தம் கேட்டதும் எங்கள் தெருவில் பொடிசுகள் பாட்டி மடிக்கு ஓடும். அதில் ஊர் சொல்கிறது, தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறது என்று. வெளியூர்ப் படிப்பு மனநோய் என்கிறது. முக்கியமான வித்தியாசம், அங்கே ‘எப்படி’ என்பதோடு ‘எந்தத் தப்புக்கு’ என்ற கேள்வியும் கடைசிவரை உயிரோடு இருக்கிறது. அதனால்தான் விளக்கம் வந்த பிறகும் கருப்பு மனதை விட்டுப் போவதில்லை.

வெளிநாட்டில் பேய்க்கென்றே துப்பறிவாளர்கள் உண்டு. 1910 வாக்கில் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் எழுதிய கார்னாக்கி கதைகளில் சில பேய்கள் மோசடி, சில நிஜம். எது எதுவென்று கடைசிவரை நமக்குத் தெரியாது, விசாரணை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். இத்தாலியில் டிசியானோ ஸ்க்லாவி 1986இல் உருவாக்கிய டைலன் டாக், லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கும் வந்திருக்கிறார். ஸ்காட்லாந்து யார்டை விட்டு வந்தவர், லண்டனில் பேய்க் கேஸ் எடுப்பவர். காசு கிடையாது, முடிக்கவே முடியாத ஒரு பொம்மைக் கப்பலைக் கட்டிக்கொண்டே இருப்பார். எதற்கும் அசராத ஆளும் இல்லை, பயப்படுவார். போலீஸும் டாக்டரும் சிரித்து அனுப்பிவிட்டவர்கள்தான் அவர் கதவைத் தட்டுவார்கள். சிரிக்காமல் முழுசாகக் கேட்பதுதான் அவருடைய தொழில் என்றே சொல்லலாம்.

பழையனூரில் ஒரு கேஸ்

தமிழில் இப்படி ஒன்று இல்லையே என்று தேடியபோதுதான் உறைத்தது. நம்மிடம் இருப்பது இதைவிடப் பழசு. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூர் நீலி. தேவாரத்திலும் பெரியபுராணத்திலும் குறிப்புள்ள கதை. பல வடிவங்கள் உண்டு, சாரம் இது.

ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பழையனூர் வழியாக வருகிறான். பேயிடமிருந்து காக்க அவன் கையில் ஒரு மந்திர வாள். நீலி பெண் உருவெடுத்து, ஒரு கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் போய் அழுகிறாள். இவர் என் புருஷன், என்னோடு வாழ மாட்டேன் என்கிறார். அவன் அலறுகிறான், இவள் பெண்ணே இல்லை, பேய். சபையில் எழுபது வேளாளர்கள். குழந்தையை இறக்கிவிட்டால் அது அவனிடம் போய் அப்பா என்கிறது. சாட்சி முடிந்தது. வாளை வைத்துவிட்டு இன்று ராத்திரி இவளோடு தங்கு, உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்கிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள்.

இதை ஒரு துப்பறியும் கதையாகப் படித்துப் பாருங்கள். சபை முறையாக விசாரிக்கிறது. இரண்டு தரப்பையும் கேட்கிறது, சாட்சியைச் சோதிக்கிறது. எல்லா ஆதாரமும் பொய். ஆனால் அவள் மனக்குறை உண்மை. ‘இவர் என் கணவர், எனக்குத் துரோகம் செய்தார்’ என்பதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, பிறவி மட்டும்தான் வேறு. அவன் சொன்ன ‘இவள் பேய்’ என்பதும் உண்மை. அவளைப் பேயாக்கியது யார் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. சபையிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுபது உயிர் மிஞ்சியிருக்கும்.

இருட்டான நகரத்துத் துப்பறியும் கதைகளில் வரும் அத்தனை கசப்பும் இதில் இருக்கிறது. நல்லவர்கள், நியாயமாக நடந்துகொண்டு, தப்பான கேள்வியைக் கேட்டு அழிகிறார்கள்.

இந்தக் கதையிலிருந்து நம் பேச்சில் தங்கியிருப்பது ஒரே ஒரு சொல், ‘நீலிக் கண்ணீர்’. பொய் அழுகை. கொலை செய்யப்பட்டவளின் கண்ணீர் மொழியில் பொய்யாகப் பதிவாகிவிட்டது, கொன்றவனின் பெயரைச் சொல்லி ஒரு சொலவடை கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே டிக்கெட்டை மூடிவிட்டோம்.

சமணர்கள் மட்டும் அதை மறுபடி திறந்தார்கள். ஐஞ்சிறுங்காப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யில் பழையனூர்ப் பேய் ஒரு முனிவரை மிரட்டப் போகிறது. அவர் பயப்படவில்லை, விரட்டவும் இல்லை. உட்கார வைத்துப் பேசுகிறார். பேய் தர்க்கம் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் மற்ற சமயத்து அறிஞர்களை வாதத்தில் கேள்வி கேட்கிறது. சமயச் சண்டைக்காக எழுதப்பட்ட நூல்தான். ஆனால் விசாரிக்கப்பட வேண்டிய பேயே விசாரிப்பவளாகிவிடுகிற இந்த யோசனையை எந்த டைலன் டாக்கும் இன்னும் தொடவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு கிணறு

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது, எங்கள் அம்மாயி ஊரில் கல்யாணமாகி இரண்டு வருஷமான ஒரு அக்கா தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். லீவுக்குப் போனால் எனக்குப் புளியங்காய் பறித்துக் கொடுப்பவள். மத்தியானமே ஊர் முடிவு செய்துவிட்டது. உச்சி வெயிலில் அந்தப் பக்கம் போனாள், முனி அறைந்துவிட்டது. என் பெரியப்பா கறுப்புச் சட்டைக்காரர், லாரி வைத்திருந்தவர். “முனியாவது மண்ணாங்கட்டியாவது. கால் தவறி உழுந்திருப்பா. பேயும் கீயும் பேசறத முதல்ல நிறுத்துங்க” என்றார். அவர்தான் எனக்கு முதன்முதலில் அறிவியல் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர், இன்றைக்கும் என் பாதி மூளை அவர் கொடுத்ததுதான். ஆனால் அன்றைக்கு முனியும் பெரியப்பாவும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து அந்த அக்காவின் தங்கச்சிக்குப் ‘பிடித்துக்கொண்டது’. உடுக்கையடிக்க ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நான் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்த? யாரு மேல கோவம்? என்ன வேணும்? தங்கச்சி அக்காவின் குரலில், “என்னைய யாரும் ஒண்ணும் கேக்கலியே” என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு வேப்பிலையால் அடித்தார்கள். அது கொடுமை, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது அடி இல்லை, மருத்துவரும் வக்கீலும். ஆனால் அந்த ஐந்து கேள்விகளையும் அந்த ஊரில் வேறு யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

சட்டம் இதைக் கேட்கச் சொல்கிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமாக இறந்தால் தனியாக விசாரணை வேண்டும் என்பதும், வரதட்சணை மரணம் என்ற தனிக்குற்றமும் எண்பதுகளிலேயே வந்துவிட்டன. மரண வாக்குமூலம் என்று ஒன்று உண்டு. செத்தவரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று தெரிந்தும் அவர் சொல்லை நீதிமன்றம் ஏற்கிறது. யோசித்தால், இறந்தவர் பேசலாம் என்று ஒப்புக்கொண்ட நவீன இடம் அது ஒன்றுதான். ஆனால் அதற்கு யாராவது புகார் சொல்ல வேண்டும், யாராவது கேட்க வேண்டும்.

எங்கள் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டுக்கு வருஷா வருஷம் மாலை விழுகிறது. அவர் பேயாக அலைகிறார் என்று நான் கேட்டதில்லை. அவர் எப்படிச் செத்தார், யார் கொன்றார்கள் என்று ஊருக்கே தெரியும், சொல்லியும் ஆயிற்று. அந்தக் கிணற்றுப் பக்கம் மட்டும் இன்னமும் உச்சி நேரத்தில் ஆள் போவதில்லை. கணக்கு முடிக்காத சாவைத்தான் நாம் பேய் என்கிறோம்.

நமக்கு வரவேண்டிய பேய்த் துப்பறிவாளர் எப்படியிருப்பார் என்று எனக்கு ஒரு கற்பனை உண்டு. பேய் இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தில் அவர் சேர மாட்டார். கணேஷ் வசந்தை நம்பியது போல, பார்த்தேன் என்பவரை முதலில் நம்புவார். கண்ணாடியையும் தேடுவார், லேசரையும் தேடுவார். அதையெல்லாம் கண்டுபிடித்த பிறகும் ஃபைலை மூடாமல் உடுக்கைக்காரரின் ஐந்து கேள்விகளை, வேப்பிலை இல்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்பார். பழையனூர்ச் சபை கேட்க மறந்த கேள்வியையும்.

மகளிடம் ஹோலோகிராம் பற்றி விளக்கி, கிணற்றையும் சொன்னேன். அக்காவின் பெயரைக் கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தத் தங்கச்சி இப்போ எங்கப்பா இருக்காங்க?” என்றாள். முப்பது வருஷத்தில் நான் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாயி ஊருக்குப் போகிறோம்.